கரையோர வளவும் காணி உறுதியும்

சாகாமக் குளத்தை அண்டிய வயல்வெளியைவிட்டுக் கடலோரமாக வடக்கே சென்றால் எதிர்ப்படும் சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களின் நெரிசலுக்கு, குடிவழியைத் தாய்வழியாகக் கொள்ளும் இலங்கையின் கிழக்குக் கரை வழக்கமும் ஒரு காரணமாகும். தமிழரும் முஸ்லிம்களும் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்ததால், வளவுகள் தலைமுறைதோறும் துண்டுபட்டன. பங்கிட ஏதுமற்ற கரைவலைத் தொழிலாளர் கடலை நோக்கி ஒதுங்கினர். பயிரிடப்படாத தரிசு நிலத்தை முடிக்குரியதெனக் கருதிய 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நிழலில், உறுதி, அதாவது பதிவுபெற்ற உரிமைப் பத்திரம், இல்லாத குடியிருப்பு அத்துமீறலாகவே எண்ணப்பட்டது. பிஜியின் சுவா நகர ஏழைகள் நிலவுடைமைக் குலத்தாரிடம் வாய்மொழி இணக்கம் பெற்றேனும் குடியிருக்கலாம். இங்கோ இணங்க வேண்டியது அரசு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதைத் தடுத்த இடைவலயம் அறிவிக்கப்பட்டு, 2005இன் பிற்பகுதியில் தளர்த்தப்பட்டது. மாற்று வீடுகள் பல குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட, பெண்ணின் சீதன உரிமை ஓசையின்றிக் கைமாறியது. நிவாரணத்தின் மிகப் பெரிய பிழை இதுவே எனலாம். அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் எழுந்த 500 வீடுகளோ, இன விகிதாசாரம் பற்றிய வழக்கில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன.