ஃபிரை என்னும் பெயரும் ஒரு குவேக்கர் குடும்பமும்

ஃபிரை என்ற ஆங்கிலக் குடும்பப்பெயரை நம்மவரில் பலர் முதலில் கேள்விப்பட்டது கிரிக்கெட் வழியாக இருக்கும். சசெக்ஸ் அணியில் ரஞ்சித்சிங்ஜியோடு தோள் சேர்ந்து ஆடிய சி. பி. ஃபிரை, 1901-இல் முதல்தர ஆட்டங்களில் அடுத்தடுத்து ஆறு சதங்கள் அடித்தவர். அதே ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்து அணியிலும் ஆடினார். கட்டடக்கலை படித்தவர்களுக்கு மாக்ஸ்வெல் ஃபிரையைத் தெரியும். 1951 முதல் மூன்றாண்டுகள் மனைவி ஜேன் ட்ரூவோடு சண்டிகரில் தங்கி, அந்தப் புதுநகரின் குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் வடிவம் கொடுத்தவர் அவர். அமெரிக்கரான வேரியன் ஃபிரை 1940-41-இல் பிரான்சின் மார்செய் நகரில் இருந்துகொண்டு, நாஜிகளின் பிடியில் சிக்கவிருந்த எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் அறிஞர்களையும் நாட்டைவிட்டுத் தப்பவைத்துக் காப்பாற்றினார். மூவருமே நினைக்கத்தக்கவர்கள். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே அவர்களை ஒரு குடும்பமாக்கிவிட முடியாது. இதே பெயர் கொண்ட இன்னொரு கூட்டம் உண்டு. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் வேர்விட்ட குவேக்கர் குடும்பம் அது. ஐந்தாறு தலைமுறைக்கு அது என்ன செய்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவேக்கர்கள் யார் என்று தெரிந்தால்தான் இந்தக் குடும்பத்தின் போக்கு விளங்கும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய சமயக்குழு இது. 'நண்பர்கள் சங்கம்' என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பூசாரி இல்லை, சடங்கு இல்லை. கூடி மௌனமாக அமர்வதே வழிபாடு. ஆயுதம் ஏந்த மாட்டார்கள். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்பதால் தனியாகச் சத்தியம் செய்யவும் மாட்டார்கள். இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. சத்தியப்பிரமாணம் கேட்கும் அரசுப் பதவிகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களும் கிட்டவில்லை. படையில் சேர்வது அவர்கள் கொள்கைக்கே ஆகாது. எஞ்சியது வாணிகமும் கைத்தொழிலும். பேரம் பேசாமல் ஒரே விலை சொல்லும் கடைக்காரர் என்று பெயர் எடுத்தார்கள். அந்த நம்பிக்கையே பலரை வங்கி நடத்தவும் வைத்தது. குழுவுக்கு வெளியே மணந்தவரை விலக்கிவைக்கும் வழக்கம் 1860 வாக்கில்தான் தளர்ந்தது. அதனால் கர்னி, பார்க்லே, ஹாட்ஜ்கின், ஃபிரை என்ற சில குடும்பங்களே பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சொந்தமாகிப் போயின.

பிரிஸ்டலில் மருந்துக்கடை வைத்திருந்த ஜோசப் ஃபிரை (1728–1787) சாக்லேட்டை விற்கத் தொடங்கியபோது அது குடிக்கும் பொருள். மருந்துக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க சரக்கு. 1761-இல் வால்டர் சர்ச்மன் என்பவரின் சாக்லேட் காப்புரிமையைப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து வாங்கினார். அவர் மறைந்தபின் மனைவி அன்னா தொழிலைக் கையில் எடுத்தார். மகன் ஜோசப் ஸ்டோர்ஸ் ஃபிரை 1795-இல் கோகோ கொட்டையை அரைக்க வாட்டின் நீராவி இயந்திரத்தைப் பூட்டினார். சாக்லேட்டின் கதையில் இவர்களுடைய பெரிய படி 1847-இல் வந்தது. கோகோவைப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் முறை ஹாலந்தில் ஏற்கெனவே வந்திருந்தது. அந்தக் கொழுப்பில் கொஞ்சத்தைக் கோகோத் தூளோடும் சர்க்கரையோடும் திரும்பக் கலந்தால், குழம்பு அச்சில் வார்க்கும் பதத்துக்கு வரும், ஆறினால் இறுகும் என்று கண்டார்கள். கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டி பிறந்தது அப்படித்தான்.

அதே முதல் ஜோசப்புக்கு இன்னொரு தொழிலும் உண்டு: அச்செழுத்து வார்ப்பது. அவருடைய மகன் எட்மண்ட் ஃபிரை மருத்துவம் படித்தவர். ஆனால் மனம் எழுத்துருக்களில் இருந்தது. உலகின் எழுத்துமுறைகளைத் தேடித் தொகுத்து, இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளோடு 1799-இல் 'பான்டோகிராஃபியா' என்ற நூலை வெளியிட்டார். முதுமையில் பார்வையற்றோர் விரலால் தடவிப் படிப்பதற்கான புடைப்பெழுத்து ஒன்றையும் வடிவமைத்தார். அதற்கான பதக்கம் எடின்பரோவில் அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. சாக்லேட் கிளையிலும் நூல் பித்து இருந்தது. ஃபிரான்சிஸ் ஃபிரை ஆலையைப் பார்த்துக்கொண்டே, டின்டேல் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கிடைத்தற்கரிய முதற்பதிப்பை 1862-இல் அச்சு அசலாக மறுபதிப்புச் செய்தார். கடைக்கணக்கு எழுதிய குடும்பம் இத்தனை நுண்மையான புலமைக்கும் இடம் வைத்திருந்தது எனக்குப் பெரிதாகவே படுகிறது. பல்கலைக்கழகம் கதவடைத்தவர்களின் புலமை அது.

இக்குடும்பத்தில் உலகறிந்த பெயர் எலிசபெத் ஃபிரை. பிறப்பால் அவர் ஃபிரை அல்லர். 1780-இல் நாரிச் நகரில், வங்கி நடத்திய கர்னி குடும்பத்தில் பிறந்தவர். 1800-இல் பிரிஸ்டல் ஃபிரைகளின் உறவினரான லண்டன் தேயிலை வணிகர் ஜோசப் ஃபிரையை மணந்தார், பதினொரு பிள்ளைகள். 1813-இல் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதியைப் பார்த்துவந்த ஸ்டீஃபன் கிரெலெட் என்ற குவேக்கர், அங்கே குழந்தைகள் துணியின்றிக் கிடப்பதைச் சொன்னார். எலிசபெத் துணி தைத்து எடுத்துக்கொண்டு போனார். ஏறத்தாழ முந்நூறு பெண்கள், அவர்களோடு பிள்ளைகள், படுக்க வெறுந்தரை. அதே இடத்தில் சமைத்துத் துவைத்து உறங்கவேண்டும். தீர்ப்பு ஆனவர், ஆகாதவர் என்ற பிரிவுகூட இல்லை.

1817-இல் அவர் செய்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சிறையில் பள்ளியும் தையல் வேலையும் தொடங்குமுன், நடத்தை விதிகளை எழுதிக்கொண்டு வந்து பெண்களைக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொரு விதிக்கும் அவர்கள் சம்மதத்தைக் கேட்டார். சம்மதம் என்றால் கை தூக்கவேண்டும். கைதூக்கி ஏற்ற விதியே அங்கு நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கைக்கடிகாரம் திருடிய வழக்கில் உள்ளே இருந்த மேரி கானர் என்ற இளம்பெண்ணைக் கைதிகளே தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்தில் பெண்ணுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வர இன்னும் நூறாண்டு இருந்தது. திருடியவள், கள்ளநோட்டு மாற்றியவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களிடம் போய் 'உங்கள் விருப்பம் என்ன' என்று கேட்டதுதான் எலிசபெத்தின் உண்மையான சாதனை என்பது என் எண்ணம். துணியும் வேதப்புத்தகமும் வேறு சிலரும் கொடுத்திருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண்களிடமும் இதே கவனம் இருந்தது. விலங்கு பூட்டித் திறந்த வண்டிகளில், தெருவார் கல்லும் சேறும் எறிய, துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை மாற்றி மூடுவண்டிகளில் அனுப்பச் செய்தார். கப்பலேறும் ஒவ்வொருத்திக்கும் ஊசி, நூல், கத்தரி, ஒட்டுத்துணித் துண்டுகள் அடங்கிய பை ஒன்று தரப்பட்டது. மாதக்கணக்கான பயணத்தில் தைத்து முடித்தால், இறங்கும் இடத்தில் விற்றுக் கையில் காசு பார்க்கலாம். 1841-இல் 'ராஜா' என்ற கப்பலில் தாஸ்மானியா போன பெண்கள் 2,815 துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை இன்று கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

தோல்விகளும் உண்டு. 1818-இல் கள்ளநோட்டு வழக்கில் மரணதண்டனை பெற்ற ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்காக அவர் உள்துறைச் செயலர் சிட்மவுத் பிரபு வரை போய் மன்றாடினார். பலிக்கவில்லை, அப்பெண் தூக்கிலிடப்பட்டாள். 2002 முதல் 2017 வரை புழக்கத்தில் இருந்த பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் எலிசபெத் ஃபிரை நியூகேட் கைதிகளுக்குப் படித்துக்காட்டும் காட்சி அச்சாகியிருந்தது. அந்த வங்கியின் நோட்டைப் போலியாக மாற்றியவர்களைத்தான் அன்று தூக்கில் போட்டார்கள்.

வீட்டுக்குள் வந்த துன்பம் இன்னும் கசப்பானது. 1828-இல் கணவரின் வங்கி நொடித்தது. கடனைத் தீர்க்க முடியாதவரைக் குவேக்கர் குழு அன்று மன்னித்ததில்லை. ஜோசப் ஃபிரை விலக்கிவைக்கப்பட்டார். பிளாஷெட் மாளிகையை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். மனைவியின் தருமத்துக்கு வங்கிப் பணம் போனது என்று ஊர் பேசியது. அதற்குப் பிறகும் பதினேழாண்டு அவர் சிறைகளுக்குப் போய்வந்தார். 1842-இல் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரடெரிக் வில்லியம் நியூகேட்டைப் பார்க்க வந்து, பிறகு அந்தச் சிறிய வீட்டிலேயே விருந்துண்டார். 1845-இல் எலிசபெத் மறைந்தார்.

இக்குடும்பத்தை வெறும் புகழ்மாலையாக எழுதுவது அவர்களுடைய சத்தியநெறிக்கே பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்ச்சுக்கல் ஆண்ட சாவ் தோமே தீவுகளின் கோகோத் தோட்டங்களில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அடிமைகளாகவே உழைக்கிறார்கள் என்ற செய்தி குவேக்கர் சாக்லேட் நிறுவனங்களான கேட்பரிக்கும் ஃபிரைக்கும் ரௌன்ட்ரீக்கும் எட்டியது. கேட்பரி முன்னின்று விசாரித்தது, ஆள் அனுப்பி அறிக்கை வாங்கியது, அரசோடு பேசியது. மூன்று நிறுவனங்களும் அந்தக் கோகோவை வாங்குவதை நிறுத்தியது 1909-இல்தான். அடிமை ஒழிப்பில் முன்வரிசையில் நின்ற சமயக்குழுவுக்கு இத்தனை ஆண்டுத் தாமதம் பெரிய குறையே. விசாரணை நடந்த காலமெல்லாம் கொள்முதலும் நடந்தது. 1919-இல் ஃபிரை நிறுவனம் கேட்பரியோடு இணைந்தது.

சாக்லேட் குடும்பத்திலிருந்து சட்டத்துக்குப் போனவர் எட்வர்டு ஃபிரை (1827–1918). லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்து, மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்து, ஓய்வுக்குப் பின் நாடுகளுக்கிடையிலான வழக்குகளில் நடுவராக இருந்தார்; 1907-இல் ஹேக் அமைதி மாநாட்டில் பிரிட்டன் தரப்பில் கலந்துகொண்டார். ஓய்வுநேரத்தில் பாசிச் செடிகளை ஆராய்ந்து நூல் எழுதினார். மகன் ராஜர் விஞ்ஞானியாக வரவேண்டும் என்பது அவர் ஆசை. ராஜர் ஃபிரை கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்துத் தேறி, ஓவியத்துக்குப் போய்விட்டார். 1910-இல் லண்டன் கிராஃப்டன் கூடத்தில் செசான், கோகன், வான் கோ ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து ஊரையே கொதிக்க வைத்தவர் அவர். அதே ஆண்டில், இந்தியக் கலையைச் சிறுமைப்படுத்திய பேச்சுகளுக்கு மறுமொழியாக லண்டனில் இந்தியா சொசைட்டி உருவானபோது, கலை அறிஞர்களான ஹாவலோடும் நம் ஆனந்த குமாரசுவாமியோடும் ராஜரும் அதில் இருந்தார்.

எட்வர்டின் பெண்மக்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஜோன் முதல் உலகப்போரில் படையில் சேர மறுத்துச் சிறைப்பட்டவர்களைக் குவேக்கர் சமய ஊழியராகச் சந்தித்து வந்தார். போர் முடிந்ததும் பட்டினி கிடந்த ஜெர்மனிக்கு நிவாரணப் பணிக்குப் போனார். ரூத் போரால் பாதிக்கப்பட்டோருக்கான குவேக்கர் நிவாரணக் குழுவின் செயலராக இருந்தார். மார்ஜரி (1874–1958) இன்னும் ஆழமாகச் சிறையைத் தொட்டவர். தண்டனைச் சீர்திருத்தக் கழகத்தின் செயலராகி, 1921-இல் அதை ஹோவர்டு சங்கத்தோடு இணைத்தார். இங்கிலாந்தின் முதல் பெண் நீதித்துறை நடுவர்களில் ஒருவர். அவரும் ராஜரும் சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த வீடு, லண்டனில் ஹாலோவே பெண்கள் சிறையைப் பார்த்தபடி இருந்தது. மார்ஜரி அச்சிறையின் கல்வி ஆலோசகராகவும் ஆனார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரிக்கு முதல்வர்.

மார்ஜரிக்குக் குவேக்கர் நம்பிக்கை நிலைக்கவில்லை. ராஜருக்கும் இல்லை. ஆனாலும் எலிசபெத்தின் கவலைகள் மார்ஜரியிடம் அப்படியே இருந்தன. கைதியிடம் போய் உட்கார்ந்து கேட்கும் பழக்கம், தூக்குமேடையை ஏற்காத மனம் இரண்டும் சமயம் போன பிறகும் போகவில்லை. இக்குடும்பத்தில் பெயரோடு கைமாறி வந்தது மதக்கொள்கையைவிட ஆழமான ஒரு பயிற்சி என்று நான் நினைப்பதற்கு மார்ஜரியே சான்று. முதுமையில் அவர் குற்றவாளியிலிருந்து குற்றத்துக்கு இலக்கானவர் பக்கம் திரும்பினார். வன்முறையால் பாதிக்கப்பட்டவருக்கு அரசே இழப்பீடு தரவேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அவர் மறைந்து ஆறாண்டு கழித்து, 1964-இல், பிரிட்டன் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

இனி, பெயரைத் தானே எடுத்துக்கொண்ட ஒருவர். 1907-இல் பிரிஸ்டலில் ஆர்தர் ஹாமண்ட் ஹாரிஸ் என்று பிறந்த பையன், தாய்வழியில் எலிசபெத் ஃபிரையின் உறவு இருப்பதாக நம்பி, கிறிஸ்டோஃபர் ஃபிரை ஆனான். உறவுக்கு ஆதாரம் வலுவானதல்ல. ஆனால் அவர் அந்தச் சமயத்தையும் ஏற்றார். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்துப் போரிடாத படைப்பிரிவில் பணிசெய்தார். 1948 மார்ச்சில் மேடையேறிய அவருடைய 'தி லேடீஸ் நாட் ஃபார் பர்னிங்' என்ற கவிதை நாடகத்தில், போரில் சலித்துத் தன்னைத் தூக்கிலிடச் சொல்லும் சிப்பாயும், சூனியக்காரி என்று எரிக்கப்படவிருக்கும் பெண்ணும் ஒரே ஊரில் சந்திக்கிறார்கள். அடுத்த மாதம் பிரிட்டிஷ் மக்களவை மரணதண்டனையை நிறுத்திவைக்க வாக்களித்தது. மார்ஜரி நெடுங்காலம் கேட்டுவந்தது அதுதான். பிரபுக்கள் அவை அதைத் தள்ளிவிட்டது. சட்டம் வர 1965 ஆயிற்று.