மாத்தளைக் கராம்பும் யாழ்ப்பாண முந்திரிகையும்: ஒரு போத்தல் வைனை ருசி பார்த்தல்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளைப் பக்கம் வந்ததும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் தொடங்கிவிடும். வான் நின்றதும் வழிகாட்டி ஒருவர் வருவார். கறுவாப்பட்டையைச் சுரண்டி மணக்கத் தருவார். கராம்பு மொட்டையும் சாதிக்காயையும் மிளகுக் கொடியையும் காட்டுவார். கடைசியில் ஒரு மூலிகைப் பானம் கிடைக்கும். இலங்கையில் 'ருசி பார்க்கப் போவது' என்றால் பலருக்குத் தெரிந்தது இதுவும் தேயிலைத் தொழிற்சாலையும்தான்.

அதே வீதியின் மறுமுனையில் இன்னொரு இடம் இருக்கிறது. யாழ்ப்பாணம் கொழும்புத்துறை வீதியில் உள்ள ரோசேரியன் கன்னியர் மடத்தில் அருட்சகோதரிகள் சிறிய அளவில் வைன் செய்து விற்கிறார்கள். 'ரொசெற்றோ' என்று அதற்குப் பெயர். இனிப்பான அந்த வைனில் கறுவாவும் கராம்பும் சேர்கின்றன. முந்திரிகை வடக்கின் செம்மண்ணில் விளைவது. கராம்பு மாத்தளை, கண்டி போன்ற ஈர மலைச்சரிவுகளில் விளைவது. இரண்டும் ஒரே போத்தலில் சேர்வது இன்று சாதாரண விஷயம். எப்போதும் அப்படி இருக்கவில்லை.

தோலகட்டியின் கதை

இந்தத் துறவற மரபு தோலகட்டியில் தொடங்கியது. தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தை நிறுவினார். மௌனம், செபம், உடலுழைப்பு என்பதே அவர்களின் வாழ்க்கை முறை. ஆண்களுக்கான சபையைத் தொடர்ந்து கன்னியருக்கான சபையும் உருவானது. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி என்றால் நெல்லிரசமும் கூடவே நினைவுக்கு வரும்.

தோலகட்டி பலாலிக்கு அருகே உள்ளது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு, வளவு, கிணறு எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். அந்தப் பகுதி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. வைனின் கதையை அந்த நிலத்தின் கதையை விட்டுச் சொல்ல முடியாது.

கொடிக்கு ஏன் ஆள் வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் அதிகம் பயிரிடப்படும் முந்திரிகை இனம் 'இஸ்ரேல் புளூ'. பந்தலில் படரவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்க்கிறார்கள். குளிர் நாடுகளில் கொடி மாரியில் இலை உதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். நமது வெயிலில் அந்த உறக்கம் இல்லை. கொடியைக் கத்தரித்தால்தான் புதுத் துளிர் விட்டுப் பூக்கும். கத்தரித்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். அங்கே பனிக்காலம் செய்யும் வேலையை இங்கே தோட்டக்காரரின் கத்தி செய்கிறது.

அதனால் ஆள் இல்லாவிட்டால் விளைச்சலும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, யூரியாவுக்குத் தடை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது பந்தல்கள் அப்படியே கைவிடப்பட்டன. விட்டுவிட்டுப் போனால் பனை காத்திருக்கும், முந்திரிகை காத்திருக்காது.

ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடியது, போர் முடிந்த 2009இல்தான் மீண்டும் திறந்தது. பாதை மூடியிருந்த காலங்களில் கப்பலில் வந்த சாமான் என்ன விலை விற்றது என்பது நமது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1983 கலவரத்துக்குப் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வன்னிக்கு வந்ததும் இந்த வீதி வழியாகத்தான்.

வைன் எப்படி உருவாகிறது?

பழத்தை நசித்தால் சாறு வரும். மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். ஒரு லீற்றரில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் ஒரு வீத மதுசாரம் உண்டாகும். நொதித்த பின் காற்றுப் படவிட்டால் அது வினாகிரியாகிவிடும். வெப்பம் அளவுக்கு மிஞ்சினாலும் மதுவம் சோர்ந்து மணம் கெடும். வெப்ப நாட்டில் இதுதான் பெரிய சிக்கல்.

வைனில் வாசனைத் திரவியம் சேர்ப்பது ஐரோப்பாவிலும் பழைய வழக்கம். ஜேர்மனியில் நத்தார் காலத்தில் சூடாகக் குடிக்கும் 'குளூவைன்' அப்படிப்பட்டதே. புலம்பெயர்ந்த உறவுகள் ரொசெற்றோவைக் குடித்தால் அதை நினைப்பார்கள். ஆனால் கத்தோலிக்கத் திருப்பலிக்கான இரசம் வேறு. அது முந்திரிகைப் பழத்திலிருந்து மட்டும் செய்த, கெடாத இயற்கை இரசமாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

ருசி பார்க்கும் முறை

முதலில் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். கலங்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கிண்ணத்தை மெல்லச் சுழற்றி மணந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் காற்றுப் பட்டிருக்கிறது. பிறகு ஒரு மிடறை நாக்கு முழுவதும் படவிடுங்கள்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்கின்றனவா? கராம்பு கூடினால் நாக்கு லேசாக விறைக்கும். பல்வலிக்குக் கராம்பு கடித்தவர்களுக்கு அது தெரியும். பல வகை இருந்தால் இனிப்புக் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். இடையில் தண்ணீரும் வெறும் பாணும் போதும். துப்பிவிடுவதில் மரியாதைக் குறைவு இல்லை. ருசி பார்ப்பதும் குடிப்பதும் ஒன்றல்ல.

வேண்டாதவர்களுக்கு

போருக்குப் பின் குடியால் சிதைந்த குடும்பங்களை நாம் அறிவோம். வைன் வேண்டாம் என்பவர்களுக்கு அதே மடத்தில் மதுசாரம் இல்லாத முந்திரிகைச் சாறும் நெல்லிரசமும் கிடைக்கின்றன. தொழில் தேடும் பெண்கள் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். முந்திரிகை பறித்த சில நாளில் பழுதாகிவிடும். சந்தையில் பழம் குவிந்தால் விலை விழும். சாறாக்கினால் அந்தப் பழம் மாதக்கணக்கில் இருக்கும். வைன் செய்து விற்பதற்கோ 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். சாற்றுக்கு அந்த அனுமதி தேவையில்லை.

அடுத்த முறை மாத்தளையில் வான் நிற்கும்போது கராம்பு மொட்டு ஒன்றைக் கசக்கி மணந்துவிட்டு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் போத்தலைத் திறக்கும்போது அதே மணம் வரும். நடுவில் இருப்பது வெறும் வீதிதான், அது திறந்திருக்கிறது.