ஓர் இலை அதிகம்

வம்ச வரலாறு தேடப் புறப்படுகிறவர்களின் மனத்தில் அநேகமாக ஒரு சின்ன ஆசை ஒளிந்துகொண்டிருக்கும். எங்கேயாவது ஒரு பாளையக்காரரோ, படைத் தலைவரோ, போனால் போகிறது, ராஜாவுக்குக் குடை பிடித்தவராவது அகப்பட மாட்டாரா என்பதுதான் அது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இருக்காதா? ஆனால் எனக்கு அகப்பட்டதோ ஒரு வாழையிலை.

விஷயம் இதுதான். பழைய வட ஆற்காடு ஜில்லாவில், போளூர் தாலுகாவில் எங்கள் கிராமம். மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் பந்தி போடும்போது கடைசியில் ஓர் இலை அதிகமாக விழும். எல்லாப் பதார்த்தங்களையும் அதில் பரிமாறுவார்கள். யாரும் அதன்முன் உட்கார மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். சிறு பையனாக இருந்தபோது ஆயாவிடம் கேட்டேன்.

"அது சின்னவருக்குடா. கோவிச்சுக்கிட்டுக் காசிக்குப் போயிட்டாரு. வந்தா பசியோட தானே வருவாரு?" என்றாள்.

சின்னவர் என்பவர் என் தாத்தாவின் தாத்தாவுக்குத் தம்பி. இடது தோளில் மாடு முட்டிய தழும்பு இருக்குமாம். ஆயா அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அண்ணனைப் பார்த்திருக்கிறாள். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். அந்தக் கடைசி இலையில் சோறு விழாமல் கிழவர் தம் இலையில் கை வைக்க மாட்டாராம்.

ஆயா போய்ப் பல வருஷங்கள் கழித்து, வீட்டைப் பிரித்துக் கட்டியபோது பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். செல்லரித்த காகிதங்களுக்கு நடுவே ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றரைக் காணி நஞ்சையிலும் கிணற்றிலும் தமக்குள்ள பாதிப் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துத் தம்பி எழுதியது. அடியில் எழுதத் தெரியாதவரின் கீறல். பிரதியாகப் பெற்றுக்கொண்டது: ரூபாய் 16, கேழ்வரகு 2 கலம்.

தேதி, தாது வருஷம் மாசி மாதம்.

பழைய பத்திரம் படிக்கிறவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1816-லும் தாது உண்டு, 1876-லும் உண்டு, 1936-லும் உண்டு. ஆனால் முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி இருந்தாள். ஆகவே இது 1877-ஆம் வருஷத்து மாசி. அதைக் கணக்கிட்டவுடன் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அது தாது வருஷப் பஞ்சத்தின் நடு மத்தி.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது சில்லறையும் போதும் என்று 1877-ன் தொடக்கத்தில் சர்க்கார் தீர்மானித்தது. அந்த நாளில் 2 கலம் கேழ்வரகு என்பது ஓர் உயிரின் விலை. அந்த விலைக்குத்தான் தம்பி தம் பங்கை விற்றிருக்கிறார். வாங்கியவர் அண்ணன்.

சரி, பிறகு அவர் எங்கே போனார்? காசிக்கா?

அந்தக் காலத்தில் பசித்தவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்த 'ட்ரூரோ'தான் முதல் கப்பல். 1911-க்குள் 1,52,184 பேர் இப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களில் வட ஆற்காட்டார் ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

டர்பனில் உள்ள வாசக நண்பர் ஒருவர் எனக்காகத் தேடினார். வெள்ளைக்கார எழுத்தரின் காதில் நம் ஊர்ப் பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரே ஊர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். சின்னவரின் பெயரோ, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற பெயர். இரண்டு மாதம் கழித்து நண்பரின் கடிதம் வந்தது. 1878-ல் போன ஒருவர், தகப்பன் பெயர் சரி, தாலுகா போளூர், கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது, வயது 24. கடைசியில் ஒரு வரி: இடது தோளில் தழும்பு.

வாசகர்களே, இது கோர்ட்டில் செல்லுமா என்று வக்கீல் நண்பரைக் கேட்டேன். "தழும்புள்ள தோள் ஊரில் ஒன்றுதானா?" என்றார். நியாயந்தான். ஆயினும் மூன்று சாட்சிகளையும் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். பத்திரத்துக்குத் தழும்பு தெரியாது. கப்பல் பட்டியலுக்கு நிலம் தெரியாது. ஆயாவின் கதைக்கு இரண்டு காகிதங்களையும் தெரியாது. ஆனால் அந்தக் கதை இல்லாவிட்டால் இரண்டு காகிதங்களும் ஒன்றையொன்று அறியாமலே கிடந்திருக்கும்.

அப்படியானால் 'காசி'? அதுதான் கதையின் பொய். 2 கலம் கேழ்வரகுக்குத் தம்பியை அனுப்பிவிட்டோம் என்பதைவிட, கோபித்துக்கொண்டு காசிக்குப் போனார் என்பது சொல்வதற்குக் கௌரவம் அல்லவா? ஆனால் அதே குடும்பம் அந்தப் பொய்யின் பக்கத்திலேயே உண்மையையும் வருஷந்தோறும் பரிமாறி வந்திருக்கிறது. பசியோடு வருவார் என்றாளே ஆயா. கோபத்தோடு வருவார் என்று சொல்லவில்லையே!

அண்ணனைக் குற்றவாளியென்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இருந்ததே அந்த 2 கலந்தானோ என்னவோ. பத்து வருஷம் நேட்டாலில் இருந்தவருக்கு ஊர் திரும்பக் கப்பல் சத்தம் இலவசம். சின்னவர் வரவில்லை. கரும்புத் தோட்டத்தில் உயிர் விட்டாரோ, காய்கறி பயிரிட்டுப் பேரன் பேத்தி எடுத்தாரோ, அண்ணன் முகத்தில் விழிக்க மனமில்லையோ. எண்ணுக்கு எதிரே வேறு குறிப்பு இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். அந்த ஒன்றரைக் காணி நெல்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தது. என்னையும் பேனா பிடிக்க வைத்தது. அதில் பாதி யாருடையது என்று இப்போது தெரியும். வம்சம் தேடப் போகிறவன் முன்னோரைக் கண்டுபிடிக்கிறான் என்பார்கள். சில சமயம் கடன்காரனையும் கண்டுபிடிக்கிறான்.

இந்தப் பொங்கலுக்கும் இலை போட்டோம். என் பேத்தி கேட்டாள், "யாருக்குத் தாத்தா?" என்று. காசி என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து போய், அந்த இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.