புள்ளி செய்யும் வேலை

'க' என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்தின் வடிவம் மாறவில்லை. அதனுள் இருந்த 'அ' என்னும் உயிரொலி மட்டும் நீங்கிவிடுகிறது. கடுகளவுகூட இல்லாத ஒரு குறி, ஓர் ஒலியையே நீக்கிவிடுகிறது. இந்தப் புள்ளியின் வரலாறு சுவையானது. அதைச் சற்றே பார்ப்போமா?

தொல்காப்பியம் புள்ளிக்குத் தரும் வேலைகளில் இரண்டைப் பார்ப்போம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது ஒன்று. இது நாம் அறிந்ததே. எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்பது மற்றொன்று. அதாவது, அக்காலத்தில் 'எ' என்ற வடிவம் புள்ளியுடன் இருந்தால் குறில். புள்ளி இல்லாவிட்டால் நெடில். 'ஒ' என்பதற்கும் இதுவே முறை.

விதி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். ஏன்? ஓலை கிழிந்துவிடும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இயற்பியலும் இதற்கு இடம் தருகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. எழுத்தாணியின் முனை மிகச் சிறியது. ஆகவே சிறிய விசையும் பெரிய அழுத்தமாகிறது. கோடு இழுக்கும்போது முனை நகர்ந்துகொண்டே இருக்கும். புள்ளி வைக்கும்போதோ அது ஒரே இடத்தில் நின்று குத்துகிறது.

ஆனால் இது முழு விடை ஆகாது. கல் கிழியாது அல்லவா? சோழர் காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லையே! இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். மொழியை நன்கு அறிந்தவருக்குப் புள்ளி தேவைப்படவில்லை என்று கொள்ளலாம். முன்பின் சொற்களைக் கொண்டே அவர் சரியாகப் படித்துவிடுவார்.

புதியவர் என்ன செய்வார்? பழைய ஓலை ஒன்றில் 'பெய' என்று இருப்பதாகக் கொள்ளுங்கள். அது 'பெய' ஆகலாம். மழை 'பெய்' ஆகலாம். 'பேய்' என்றும் ஆகலாம்! 'எரி' என்று இருந்தால் அது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா?

இந்த இடர்ப்பாட்டை உணர்ந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றவர் என்பதில் வியப்பில்லை. அவர்தான் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்தவர். குறிலுக்குக் குறியிடும் பழைய முறையைத் தலைகீழாக்கி, நெடிலுக்குக் குறியிடும் முறையை அவர் வகுத்தார். 'எ' கீழே ஒரு கோடு பெற்று 'ஏ' ஆயிற்று. 'ஒ' சுழி பெற்று 'ஓ' ஆயிற்று. கொம்பின் மேற்பகுதி சுழிந்து 'கெ', 'கே' என்னும் வேறுபாடு பிறந்தது.

இதனால் என்ன பயன் என்று பாருங்கள். விடுபடக்கூடிய புள்ளியை நம்பியிருந்த வேறுபாடு, எழுத்தின் வடிவத்திலேயே கலந்துவிட்டது. எழுதுபவர் அதை எளிதில் விட்டுவிட முடியாது. ஆயினும் மாற்றம் உடனே பரவிவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான நூல்களிலும் புள்ளியற்ற எழுத்துகளைக் காணலாம். அச்சுத் தொழில் வளர்ந்த பிறகே புள்ளியும் சுழியும் நிலைபெற்றன.

இன்று கணிப்பொறியும் புள்ளியைத் தனியாகவே மதிக்கிறது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் 'க்' என்பதற்குத் தனி எண் கிடையாது. 'க' என்பதற்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று இரண்டு எண்கள் சேர்ந்தே அது உருவாகிறது. மெய்யைப் புள்ளியோடு சேர்த்து நினைத்த தொல்காப்பியரின் பார்வைக்கு இது மிக அருகில் இருக்கிறது!

எழுத்தின் மேலுள்ள குறிகள் வெறும் அணிகள் அல்ல. அறிந்தவர் அவையின்றியும் படித்துவிடுவார். முதன்முதலாகப் படிக்க வரும் குழந்தைக்கும், வேற்று மொழியாருக்கும், நமக்குப் பின்னர் வருபவர்களுக்கும் அவைதாம் வழிகாட்டி. அடுத்த முறை அவசரமாக எழுதும்போது ஒரு புள்ளியை விட்டுவிடத் தோன்றினால், அதைப் படிக்கப்போகிறவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.