ஆல்டன்பெர்க் புல்வெளியும் மெம்ஃபிஸ் கம்பளமும்

வளர்த்த வாத்தைப் பிரியாமல் ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியுமா? கேட்டதும் சிரிப்பு வரும். இன்குபேட்டரில் பொரித்த ஒற்றைக் குஞ்சை உள்ளங்கையில் வைத்து வளர்த்துவிட்டு, அது பெரிதான பிறகு வாசற்கதவைப் பூட்டிக் கிளம்ப முடியாமல் நிற்கிறவருக்கு அந்தச் சிரிப்பு வராது. அமெரிக்காவில் ஈஸ்டர் சமயத்தில் பிள்ளைகளுக்காக வாங்கிவரும் குஞ்சுகளில் சில இப்படி மனிதரையே தாயாக எண்ணி வளர்ந்துவிடுகின்றன. ஆள் கண்ணில் படாவிட்டால் கத்தும். பெட்டை என்றால் அடுத்த தெரு வரை கேட்கும். ஆண் வாத்தின் குரல் கம்மியது. அது அக்கம்பக்கத்தாருக்கு ஆறுதல், வளர்ப்பவருக்கு அல்ல. வீட்டு வாத்து பத்து ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது என்பதால், நாலு நாள் விடுப்பு எடுத்துச் சமாளிக்கிற விஷயமும் இல்லை.

வாத்துகளோடு வேலை பார்த்தவர்களில் யாரிடம் பாடம் கேட்கலாம் என்று யோசித்தால், ஏறத்தாழ ஒரே காலத்தவர் இருவர் கண்முன் வருகிறார்கள். ஒருவர் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ். வியன்னாவுக்கு அருகே டான்யூப் கரையில் உள்ள ஆல்டன்பெர்க்கில், 1930களில் பறவைகளோடு குடித்தனம் நடத்தியவர். மற்றவர் எட்வர்ட் பெம்ப்ரோக். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீபாடி ஹோட்டலின் வாத்துகளை 1940 முதல் 1991 வரை மேய்த்தவர். வாத்துப் பிரியர்கள் பெரும்பாலும் பெம்ப்ரோக்கின் வேலைக்குத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் தன்னையே ஒட்டிக்கொண்ட வாத்து ஒன்று வீட்டில் இருக்கிறவருக்கு அந்த வேலை உதவாது என்பது என் கட்சி.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் கண்ட அசையும் உருவத்தைப் பின்தொடரும் என்பதை லோரன்ஸுக்கு முன்பே ஆய்வாளர்கள் ஸ்பால்டிங் 1873இலும், ஹைன்ரோத் 1911இலும் எழுதிவிட்டார்கள். அதை விரித்து ஒரு கோட்பாடாக நிறுத்தியது லோரன்ஸின் 1935ஆம் ஆண்டுக் கட்டுரை. பிற்பாடு ஆய்வாளர் எக்கார்ட் ஹெஸ் மல்லார்ட் வாத்துக் குஞ்சுகளைச் சோதித்து, பொரித்து 13 முதல் 16 மணி நேரம் ஆகும்போது இந்த மனப்பதிவு மிக வலுவாக விழுகிறது என்று கண்டார். நம் ஊர்ப் பக்கம் அடைக்கோழிக்கு வாத்து முட்டை வைப்பார்கள். குஞ்சுகள் கோழியின் பின்னாலேயே திரியும். குட்டையைக் கண்டதும் தண்ணீரில் இறங்கிவிடும். கோழி கரையில் பதறி ஓடும். அதைப் பார்த்தவர்களுக்கு லோரன்ஸ் சொல்வதில் பாதி முன்பே தெரியும்.

மீதிப் பாதிதான் வேலை தேடுகிறவருக்கு முக்கியம். பெருவாத்துக் (கூஸ்) குஞ்சு முதலில் கண்ட மனிதரைத் தயங்காமல் ஏற்றது. மல்லார்ட் குஞ்சுகளோ லோரன்ஸைக் கண்டு ஓடின. தாயின் குரல் இல்லாததுதான் குறை என்று ஊகித்து, பொரித்த குஞ்சுகளின் முன்னால் தாய் வாத்தைப் போலவே அவர் கத்தத் தொடங்கினார். குஞ்சுகள் பின்னால் வந்தன. ஆனால் அரை நிமிடம் குரலை நிறுத்தினால் கழுத்தை நீட்டி அழும். எழுந்து நின்றாலும் அழும். ஆக, தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் குந்தியபடியே, கத்தியபடியே, உயரமான புல்லில் எட்டுப் போட்டுத் தவழ்ந்திருக்கிறார். அன்று பெந்தெகொஸ்தே ஞாயிறு. வேலியோரம் சுற்றுலாப் பயணிகள் திரண்டுவிட்டார்கள். புல்லுக்குள் இருந்த குஞ்சுகள் அவர்கள் கண்ணில் படவில்லை. தெரிந்தது மனிதர் மட்டும்.

இந்தக் காட்சியை நகைச்சுவையாகவே எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு இது ஒரு பணி நிபந்தனைப் பட்டியலாகத் தெரிகிறது. இருக்கையை விட்டு எழக்கூடாது, பேச்சை நிறுத்தக்கூடாது, பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று யோசிக்கக்கூடாது. எந்த மேலாளர் இதற்குச் சம்மதிப்பார்?

இரவிலும் ஓய்வு இல்லை. மார்ட்டினா என்ற பெருவாத்துக் குஞ்சை அவர் முதலில் ஒரு வீட்டுப் பெருவாத்தின் இறக்கைக்குக் கீழே விட்டுப் பார்த்தார். அது வெளியே வந்து அழுதுகொண்டே அவரிடம் ஓடி வந்துவிட்டது. அதன் பிறகு அது படுத்தது அவர் அறையில். நடு இரவில் மெல்லக் குரல் கொடுக்கும். இருக்கிறாயா என்று கேட்பதுபோல. இவர் தூக்கத்திலேயே பதில் குரல் கொடுக்க வேண்டும். பின்னாளில் மார்ட்டினா தினமும் மாலை மாடிப்படி ஏறித் தன் படுக்கைக்குப் போகும். முதல் நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது பயந்து வெளிச்சம் இருந்த ஜன்னல் பக்கம் ஓடியது. அந்தச் சுற்று பிறகு பழக்கமாகி, நாளாக ஆகக் குறுகிக்கொண்டே வந்தது. ஒருநாள் அதை உள்ளே விட லோரன்ஸ் மறந்து நேரமாகிவிட்டது. அவசரத்தில் அது ஜன்னல் பக்கம் போகாமல் நேரே படியேறியது. சில படிகள் ஏறியதும் திடுக்கிட்டு நின்றது. கீழே இறங்கி, விட்டுப்போன சுற்றை ஒழுங்காக முடித்துவிட்டு மறுபடி ஏறியது. 1963இல் வெளியான நூலில் அவர் இதை எழுதியிருக்கிறார். வேலை நேரம் மாறும் ஷிஃப்ட் உத்தியோகத்தில் இருப்பவர்கள் வாத்து வளர்க்கும்முன் படிக்க வேண்டிய பக்கம் அது.

மெம்ஃபிஸ் கதை இதற்கு நேரெதிர், தொடக்கமே குடியில். 1930களின் முற்பகுதியில் ஹோட்டலின் பொது மேலாளர் ஃபிராங்க் ஷட், ஆர்கன்சாவில் வேட்டையாடிவிட்டு நண்பரோடு திரும்பினார். வேட்டைக்கு ஈர்ப்பாகப் பயன்படுத்தும் உயிருள்ள வாத்துகளை அப்போது வைத்துக்கொள்ளலாம். 1935இல்தான் சட்டம் அதைத் தடுத்தது. விஸ்கியின் உற்சாகத்தில் அந்த வாத்துகளை லாபியின் பளிங்கு நீரூற்றில் விட்டார்கள். விருந்தினர்கள் ரசித்தார்கள், வாத்துகள் தங்கிவிட்டன. 1940இல், முன்பு சர்க்கஸில் விலங்குகளைப் பழக்கிய பெட்டி தூக்கும் பணியாளர் ஒருவர், இவற்றை வரிசையாக நடத்திக் காட்டுகிறேன் என்று முன்வந்தார். அவர்தான் பெம்ப்ரோக். ‘டக்மாஸ்டர்’ என்ற பதவிப்பெயரும் சேர்ந்தது.

இன்றும் காலை 11 மணிக்கு மொட்டைமாடிக் கூண்டிலிருந்து ஐந்து மல்லார்ட் வாத்துகள் லிஃப்டில் இறங்குகின்றன. சூசா இயற்றிய ‘கிங் காட்டன்’ அணிவகுப்பு இசை ஒலிக்க, சிவப்புக் கம்பளத்தில் நடந்து நீரூற்றுக்குள் குதிக்கின்றன. மாலை 5 மணிக்குத் திரும்புகின்றன. அந்த ஹோட்டலின் சாப்பாட்டுப் பட்டியலில் வாத்து இறைச்சி கிடையாது. இவ்வளவு வாத்து மரியாதை உள்ள வேலையிடம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்த ஐந்து வாத்துகள் அங்கே மூன்று மாதம்தான். உள்ளூர்ப் பண்ணை ஒன்றில் வளர்ந்து வருகின்றன; முறை முடிந்ததும் பண்ணைக்கே போய்விடுகின்றன, அடுத்த ஐந்து வருகின்றன. செல்லப்பிராணிகளாகப் பழக்காமல் விடுவது ஹோட்டலின் கொள்கை. ஒட்டுதல் வேரூன்ற அங்கே இடமே தரவில்லை. ஆல்டன்பெர்க்கில் மனிதரை மாற்ற முடியாது, மாற்றினால் குஞ்சு அழும். மெம்ஃபிஸில் வாத்தும் மாறும், டக்மாஸ்டரும் மாறுவார், அணிவகுப்பு மட்டும் நிற்காது. ஒரு டக்மாஸ்டர் தன் வீட்டு வாத்தை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்தால் அது ஆறாவது வாத்தாக நடக்காது; அவர் காலைச் சுற்றிக்கொண்டு வரிசையைக் குலைக்கும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் திராட்சைத் தோட்டத்து நத்தைகளைத் தின்ன ரன்னர் வாத்துகளைக் கூட்டமாக விடும் வெர்கனுக்ட் பண்ணையும் இந்த வகைதான். வாத்துகள் ஏராளம், உங்கள் வாத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இதைவிட முரணான இடம் கோழி, வாத்துப் பண்ணைத் தொழில். பறவைக் காய்ச்சல் பயத்தால், பல நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்கள் வீட்டில் சொந்தமாகப் பறவை வளர்க்கவே கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. வாத்து தெரிந்தவரை வேலைக்குக் கேட்பார்கள், வாத்து வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்புவார்கள். சமையற்கூடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எச்சமிடும் பறவைக்கு அங்கே என்ன இடம்?

சட்டம் கைகொடுக்குமா? அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, கடை, ஹோட்டல் போன்ற பொது இடங்களில் சேவை விலங்கு என்றால் நாய் மட்டும். சிறுகுதிரைக்குத் தனிச் சலுகை உண்டு. 2016இல் சிவப்புக் காலணி போட்ட வாத்து ஒன்று ஆறுதல் விலங்காக விமானத்தில் பறந்து செய்தியானது. 2021இல் விமானப் பயணத்திலும் சேவை விலங்கு என்பது நாயோடு சுருங்கியது. ஊனமுற்றோர் சட்டத்தில் பணியிடம் பற்றிய பகுதியில் அப்படி ஒரு வரையறை இல்லை. உடல்நல அல்லது மனநலக் காரணம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். நியாயமான ஏற்பாடா என்று முதலாளி பரிசீலிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் பார்ப்பது மனிதரின் தேவையை. தவிப்பது வாத்தாக இருந்தால் அதில் வழி இல்லை.

ஆக, லோரன்ஸின் வழிதான் மிச்சம். அதற்கு யார் பணம் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆல்டன்பெர்க் வீடு, புகழ்பெற்ற எலும்பு மருத்துவரான அப்பா கட்டியது. மனைவி மார்கரெத்தும் மருத்துவர். கோனிக்ஸ்பர்க்கில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1940இல்தான். 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்ததும் இதே மனிதரின் வரலாறு. முன்மாதிரி என்று நான் சொல்வது வாத்து விஷயத்தில் மட்டும். போருக்குப் பின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் பவேரியாவின் ஸேவீசனில் ஏரிக்கரையில் ஆய்வகம் அமைத்துக் கொடுத்தது. 1973இல் ஓய்வு பெற்று ஆஸ்திரியா திரும்பியபோது பெருவாத்துகளும் க்ரூனாவுக்குக் குடிபெயர்ந்தன. நோபல் பரிசு வந்ததும் அதே ஆண்டில். வாத்தையும் சேர்த்தே மாற்றல் உத்தரவு வருகிற உத்தியோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வாய்க்காதவர்கள் அதன் சாரத்தையாவது தேடலாம். நாற்றுப் பண்ணை, பெரிய வளாகத்தின் காவல் வேலை, தங்குமிடத்தோடு வரும் தோட்டப் பராமரிப்பு: இவற்றில் வாத்துக்குப் புல்லும் தண்ணீரும் உண்டு, தினமும் ஒரே நேரம் உண்டு. வீட்டிலிருந்தே செய்யும் வேலையும் ஆகும், தொலைபேசியில் பேசும் வேலையாக இல்லாவிட்டால். சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நின்றால் வாத்தின் பாதம் புண்ணாகும் என்பதால், கிடங்கு முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே கூட்டிப்போகக் கூடாது. நேர்காணலில் வாத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்பதைவிட, வேலை நேரம் மாறுமா, வெளியே இடம் இருக்கிறதா என்று கேட்பது பயன் தரும்.

மெம்ஃபிஸிடமிருந்தும் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அங்கே டக்மாஸ்டர் வீட்டுக்குப் போனதற்காக எந்த வாத்தும் அழுவதில்லை, கூட இன்னும் நான்கு இருக்கின்றன. மனிதரிடம் ஒட்டிய வாத்து புதிய துணையை உடனே ஏற்காது. நடுவில் வலை போட்டு, சில வாரம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தீனியை வலையோரம் ஒரே நேரத்தில் வைத்தால் மெல்லப் பழகும். ஹோட்டல் கணக்கு ஒரு ஆணுக்கு நான்கு பெட்டை. அது அழகுக்காக மட்டும் வைத்த கணக்கு அல்ல, ஆண் கூடினால் பெட்டைகளின் முதுகும் பிடரியும் புண்ணாகும். வீட்டில் இருப்பது பெட்டை என்றால் இரண்டாவதையும் பெட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும்; ஆண் என்றால் ஒரு பெட்டை போதாது.