வெப்பமண்டலமும் உடல்நலமும்: செட்டிநாட்டாரின் கடல்கடந்த பயணங்கள்

வெப்பமண்டலத் தட்பவெப்பம் எங்கும் ஒரே தன்மையதன்று. சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாடு வறண்ட வெக்கை மிகுந்த பகுதி. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் வணிகச் சமூகத்தாரான நகரத்தார் கொண்டுவிற்கச் சென்ற கீழ்ப் பர்மாவும் மலாயாவும் வெப்பமண்டல நாடுகளே என்றாலும் மழையும் ஈரமும் மிகுந்தவை. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகி உடல் குளிரும். ஆனால் நீரிழப்பு தெரியாமலே கூடும். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிவதால், குறைந்த வெப்பத்திலேயே உடல் தளரும். திறந்த முற்றம், உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர் என்று அமைந்த செட்டிநாட்டு வீடு வெக்கையைத் தணிக்கும். சதுப்பு நிலத்துக் கொசுவைத் தடுக்காது. வெப்பத்தைவிட, சென்ற இடத்தின் நீரும் கொசுவும் குடியிருப்புமே பயணியின் நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

வெயிலில் பிறந்து வளர்ந்தவரை வெப்ப நாடு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். வெக்கையைப் பொறுத்தவரை இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வெக்கைக்கு உடல் பழகும் அந்தப் பழக்கம் ஓரிரு வாரங்களில் எவருக்கும் வருவது, விட்டால் சில வாரங்களில் மறைவது. மலேரியாவுக்கு எதிராக அது சிறிதும் உதவாது. மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் அந்நோய்க்குப் பலியாயினர். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். அந்த அறிவைக் கொண்டு மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் மலாயாவின் கிள்ளான் நகரின் சதுப்புநீரை வடியச் செய்தார். நோய் வெகுவாகக் குறைந்தது. அங்கே மழையும் வெயிலும் முன்போலவே இருந்தன; மாறியது வடிகால்தான்.

இதற்கு மறுப்பாக இலங்கையின் 1934–35 மலேரியாக் கொள்ளைநோயைக் காட்டலாம். பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் கொசு பெருகி ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். வானிலை நோயைத் தூண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே இலங்கை, இடைவிடாத கொசு ஒழிப்பாலும் சிகிச்சையாலும், 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. வறண்ட ஊர் என்பதும் காப்பாகாது: தண்ணீரைச் சேமித்து வைக்கும் தொட்டிகளிலும் குடங்களிலும் டெங்குக் கொசு வளரும். செட்டிநாட்டுக்கு வருவோர் கோடையில் உச்சிவெயிலைத் தவிர்த்துத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஊரார் தண்ணீர்ப் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும். தட்பவெப்பம் நம் கையில் இல்லை; இவை நம் கையில் உள்ளவை.