இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வலி: மருந்துடன் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

வலி ஏன் ஏற்படுகிறது?

பைபாஸ், வால்வு மாற்றம் போன்ற பெரும்பாலான திறந்த இதய அறுவை சிகிச்சைகளில் நடு மார்பெலும்பு நெடுக்காகப் பிளக்கப்பட்டு, பின்னர் எஃகுக் கம்பிகளால் இணைக்கப்படுகிறது. அவ்வெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள் ஆகும். சிகிச்சையின்போது மார்பு விரிக்கப்படுவதால் தோள், கழுத்து, முதுகு ஆகியவற்றிலும் வலி தோன்றலாம்.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விட்டாலோ இருமலை அடக்கினாலோ சளி தேங்கி, நுரையீரலில் தொற்று ஏற்படக்கூடும். தயங்காமல் மூச்சு விடவும் இருமவும் நடக்கவும் இயலுவதே வலி நிவாரணத்தின் நோக்கம். கீழ்க்காணும் முறைகள் மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இருமும்போதும் தும்மும்போதும் சிறு தலையணையையோ மடித்த துண்டையோ மார்புடன் இறுக அணைத்துக்கொள்ளுங்கள். எலும்பின் அசைவு குறைவதால் வலியும் குறையும்.

• மூக்கின் வழியாக மெதுவாக ஆழ்ந்து மூச்சிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, வாய் வழியாக மெல்ல விடுங்கள். மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சிக் கருவி வழங்கியிருந்தால், அவர்கள் கூறியவாறு தவறாமல் பயன்படுத்துங்கள்.

• படுக்கையிலிருந்து எழும்போது உடல் முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழுங்கள்.

• தோள்களை மெல்லச் சுழற்றுங்கள். சிறிது சிறிதாக நடையைக் கூட்டுங்கள். அசையாதிருந்தால் தசைகள் இறுகி வலி மிகும்.

• பைபாஸுக்காகக் காலிலிருந்து இரத்தநாளம் எடுக்கப்பட்டிருந்தால், அமரும்போது அக்காலை உயர்த்தி வையுங்கள்.

• விருப்பமான இசையைக் கேளுங்கள். அது மனப்பதற்றத்தைத் தணித்து வலியுணர்வைக் குறைக்க உதவும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

நோயாளியின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முதுகைத் தாங்கி எழுப்புங்கள். தழும்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் சூடான ஒத்தடம் தீக்காயத்தை உண்டாக்கலாம். காயத்தின் மீது தைலம் தடவாதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் அறிவுரையின்றிக் கொடுக்காதீர்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

குறைந்துவந்த வலி மீண்டும் கூடுதல், மார்பெலும்பில் ‘கடக்’ என்ற ஓசை அல்லது அசைவு, காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கமும் வலியும் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். மார்பில் அழுத்தும் வலி, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.